ஏழாம் வருஷத்துக் கணக்கு

2021ஆம் ஆண்டின் கடைசியில் ரெஹோவோத் நகரத்துக் காய்கறிக் கடையில் தக்காளிக்கும் வெள்ளரிக்கும் ஜாதகம் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எந்த ஊரில் விளைந்தது, யூதர் நிலமா வேற்றார் நிலமா, எந்த ரபியின், அதாவது யூத மதகுருவின், கண்காணிப்பில் கடைக்கு வந்தது என்று கூடைக்கு ஓர் அட்டை. ஹீப்ரு எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விலையைத் தேடி ஓர் அட்டை முழுவதையும் படித்து முடித்தேன். விலை மட்டும் அதில் இல்லை. கடைக்காரரிடம் கேட்டால் "ஷ்மிட்டா" என்றார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்பில் வளர்ந்து, வேளாண்மை படித்து, தக்காளி வேர் வறட்சியை எப்படித் தாங்குகிறது என்று ஆராய இஸ்ரேல் போனவன் நான். அந்த நாட்டு விவசாயம் என்றால் நம் ஊரில் சொட்டுநீரைத்தான் பேசுவோம். ஏழு வருஷத்துக்கு ஒரு முறை நிலத்தைச் சும்மா போடச் சொல்லும் ஷ்மிட்டா என்ற சட்டம் ஒன்று அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

யூதர்களின் வேதமான தோராவில் இந்தக் கட்டளை மூன்று இடங்களில் வருகிறது. யாத்திராகமம் 23லும் லேவியராகமம் 25லும் நிலத்தைப் பற்றி, உபாகமம் 15ல் பணத்தைப் பற்றி. ஆறு வருஷம் உழுது விதைத்து அறுக்கலாம். ஏழாவது வருஷம் உழவு இல்லை, விதைப்பு இல்லை, திராட்சைக் கொடிக்குக் கவாத்து இல்லை. தானாகக் காய்த்தது ஊருக்குப் பொது. நிலத்துக்காரனும் அதில் மற்றவர்களைப் போல வந்து பறித்துத் தின்னலாம், அவ்வளவுதான். யூத நாட்காட்டியின் 5782ஆம் ஆண்டு அப்படி ஓர் ஏழாம் ஆண்டு; நம் கணக்கில் 2021 செப்டம்பர் 6 மாலை தொடங்கி 2022 செப்டம்பர் 25 மாலை முடிந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த வருஷம் எனக்குத் திடீர் மவுசு. தலையில் கிப்பா என்ற யூதக் குல்லாய் அணிந்த மாணவர் ஒருவர் விதைத் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார். "நீ யூதன் இல்லையே, இதை ஊன்றிக் கொடேன்." ஊன்றிக் கொடுப்பேன். பக்கத்தில் நின்று இடைவெளியை மட்டும் அளந்து சொல்வார். சோதனை வயலே சட்டப்படி விற்கப்பட்டுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. யூதரல்லாத ஒருவருக்கு நிலத்தை அந்த வருஷத்துக்கு மட்டும் காகிதத்தில் விற்றுவிடுவது அங்கே ஓர் ஏற்பாடு. 1888–89ல், பட்டினி கிடந்த புதுக் குடியேற்றங்கள் ஒரு வருஷ விளைச்சலை இழந்தால் அழிந்தே போகும் என்ற பயத்தில் தொடங்கியது. 1909–10ல் யாஃபா நகர ரபியாக இருந்த ஆபிரகாம் இட்ஸ்ஹாக் கூக் அதற்கு விரிவான நியாயம் எழுதினார். ஸஃபேத் நகரத்து ரபி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. கடை அட்டைகளெல்லாம் அதன் மிச்சம்தான். 1961ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது தஞ்சாவூர் ஜில்லாவில் எழுதப்பட்ட பினாமிப் பத்திரங்களின் கதைகளைக் கேட்டே வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. அதுவும் அந்த மண்ணில், யார் நிலம் யாருடையது என்று நாள்தோறும் ரத்தம் சிந்தும் இடத்தில், வேற்றாருக்கு ஒரு வருஷக் கிரயம்!

சிரிப்பு நின்றது பெய்த் ஷெமெஷ் பக்கத்தில், மொஷாவ் என்று அழைக்கும் விவசாயக் கிராமம் ஒன்றில்.

1950களில் கொச்சி, எர்ணாகுளம், பரவூர், மாளா ஊர்களிலிருந்து போன யூதர்களில் பலரை விவசாயக் கிராமங்களில் குடியேற்றினார்கள். மெசிலத் சியோன், தாவோஸ் எல்லாம் அப்படிப்பட்ட கிராமங்கள். எங்கள் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர், "உன் பாஷை பேசுகிறவர் இருக்கிறார், வா" என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்படி ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனார். பாஷை மலையாளம். பதினொரு வயதில் கப்பலேறிய பையனின் மலையாளம், எண்பதை நெருங்கும் ஒருவர் வாயில் அப்படியே இருந்தது. நான் 'சேட்டா' என்றேன். "உன் அப்பனுக்கு மூத்தவன் நான்" என்று சிரித்தார். அன்றிலிருந்து மாமா.

மாமாவுக்குச் சில துனாம் நிலம். நான்கு துனாம் சேர்ந்தால் நம் கணக்கில் ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. திராட்சை, அத்தி, வேலியோரம் ஒலிவ மரங்கள். காகிதத்தில் விற்கிற ஏற்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. "விற்பதானால் நிஜமா விற்கணும்" என்றார். அதனால் கேட்டைத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி ஒரு நைலான் கயிற்றால் கம்பத்தோடு கட்டிவிட்டார். இங்கே ஏழாம் ஆண்டு அனுசரிக்கப்படுகிறது என்று ஒரு பலகை. சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, மரம் சாகாத அளவுக்கு மட்டும். சட்டத்தின் நுட்பம் அதில்தான் இருக்கிறது: இருப்பதைக் காப்பாற்றலாம், மேம்படுத்தக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் இது காப்பா மேம்பாடா என்ற கேள்வி உண்டு. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் இதற்கென்றே பத்து அத்தியாயம் கொண்ட ஒரு நூல் இருக்கிறது.

வரிசைகளுக்கு நடுவே அவர் நடந்த விதம் எனக்கு விநோதமாக இருந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி நடந்தார். முழங்கால் உயரத்துக்குக் களை. நுனி வாடிய கொடி ஒன்றின் அருகே நின்றார்; வலது கை இடது கையிலிருந்து விடுபட்டு முன்னால் வந்தது, இலையைத் தொடும் தூரத்தில் நின்றது, திரும்பிப் போனது. "கை கேக்கில்லா மோனே" என்றார். அறுபது வருஷம் களை பறித்த கை. அதைக் கட்டித்தான் வைக்க வேண்டும். கோரையையும் அறுகையும் பார்த்தால் என் கைக்கும் அதே அரிப்பு. நான் யூதன் இல்லை, பறித்தால் எனக்குப் பாவமில்லை. ஆனாலும் அவர் எதிரே அது மரியாதையாகத் தோன்றவில்லை. என் கையும் பின்னால் போனது.

கோடையில் அத்தி பழுத்தபோது முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள். அந்த வருஷத்துப் பழத்தை வீட்டுத் தேவைக்குப் பறிக்கலாம். மூட்டை கட்டி வியாபாரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு குடும்பம் காரை நிறுத்தி, பை பையாக நிரப்பி, எட்டாத கிளையை வளைத்து முறித்தே விட்டது. மாமாவுக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவர்கள் கார் போகும் சத்தம் கேட்டபிறகுதான் வெளியே வந்தார். பொதுவாக்குவது எளிது, பொதுமக்களைப் பொறுத்துக்கொள்வது கஷ்டம் என்று நான் ஏதோ சொல்ல, அவர் அதை ரசிக்கவில்லை. மருமகள் பீச் பழம் நறுக்கிக் கொண்டுவந்தாள். தோலையும் கொட்டையையும் மூடி போட்ட ஒரு தனிப் பாத்திரத்தில் போடச் சொன்னாள். ஏழாம் ஆண்டுப் பழத்தின் தோலை அப்படியே குப்பையில் எறியக் கூடாது. அழுகித் தின்ன முடியாததாக ஆனபிறகுதான் எறியலாம்.

"நிலம் லேசு, காசுதான் பாடு" என்று அன்றைக்குத்தான் மாமா சொன்னார். உபாகமத்துப் பகுதியை நான் அதற்குப் பிறகே ஒழுங்காகப் படித்தேன். ஏழாம் ஆண்டு முடிவில் பாக்கி நிற்கும் கைமாற்றுக் கடன் தள்ளுபடி. நிலச் சட்டம் இஸ்ரேல் மண்ணுக்கு மட்டும். பணச் சட்டம் யூதன் எங்கே இருந்தாலும் அவனைத் தொடரும்.

கடன் தள்ளுபடியை யூதர்கள் கண்டுபிடிக்கவில்லை. பாபிலோனிய அரசர்கள் அவ்வப்போது ஆணையிட்டுக் கடனை அழித்திருக்கிறார்கள், கி.மு. 17ஆம் நூற்றாண்டில் அம்மி-சதூக்கா என்ற அரசன் போட்ட ஆணையின் களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அது அரசனின் மனசைப் பொறுத்தது. நமக்கும் அது பழக்கம்தான். 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சற்று முன்பு, தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தள்ளுபடி செய்தது. ராஜாவோ தேர்தலோ வரும்வரை காத்திருக்க வேண்டாம், கடன் நாட்காட்டியைப் பார்த்துத் தானாகச் செத்துவிடும் என்பதுதான் தோராவின் துணிச்சல்.

அந்தத் துணிச்சலுக்கு விலையும் இருந்தது. ஆறாம் வருஷம் பிறந்தாலே யாரும் கடன் தரமாட்டார்கள். உபாகமமே இதை முன்கூட்டிப் பார்த்து, ஏழாம் வருஷம் கிட்டே வருகிறதென்று ஏழையிடம் கையை மூடாதே என்று எச்சரிக்கிறது. எச்சரிக்கையால் பெட்டி திறந்துவிடுமா? சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ஹில்லேல் என்ற ஞானி ஒரு வழி செய்தார். கடன் கொடுத்தவன் தன் கடன்களை நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டால் தள்ளுபடி அவற்றைத் தொடாது. அந்தச் சீட்டுக்குப் ப்ரோஸ்புல் என்று பெயர். கடன் வாங்கியவனுக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அடியில் ஓட்டை போட்ட ஒரு பூந்தொட்டி இருந்தாலும் நிலம்தான் என்கிறது மிஷ்னாவுக்கு விளக்கமாக வந்த தல்மூத். பினாமிப் பத்திரத்தைப் பார்த்த அதே கண்ணால்தான் இதையும் முதலில் பார்த்தேன். யோசித்தபிறகு ஹில்லேல் மேல் மதிப்பு வந்தது. ஏழைக்காக வந்த சட்டம் ஏழையின் கடைசி வாசலையே அடைத்தபோது, சட்டத்தின் கௌரவத்தைவிட அந்த வாசல் அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

இத்தனையையும் நான் ஆராய்ச்சி ஆர்வத்தில் மட்டும் படிக்கவில்லை. 2021 பிப்ரவரித் தள்ளுபடியில் எங்கள் அண்ணனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் வாங்கியிருந்தது என்னிடம்.

பெரியப்பா மகன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது அவர் தோப்பு விழுந்தது. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே காசு வேண்டும். கன்று வைக்க, மோட்டாரை மாற்ற அதற்கு மேல். அடுத்த வருஷம், என் உதவித்தொகைச் சேமிப்பிலிருந்து ஒன்றரை லட்சம் அனுப்பினேன். அண்ணன் தம்பிக்குள் புரோநோட்டு எதற்கு, எழுதவில்லை. நெட்டை ரகக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் "அடுத்த வருஷம் தந்துடுறேன்" என்றார், நானும் தலையாட்டினேன்.

அதன்பிறகு ஃபோன் குறைந்தது. நான் கூப்பிட்டால் அண்ணிதான் எடுப்பார். "கொல்லைக்குப் போயிருக்காக" என்பார். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அவர் எழுதிய ஐயாயிரம் மொய்யைக் கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மொய் எழுத இருக்கிறதா என்றுதான் மனசு ஓடியது. அவர் மகன் புது பைக்கில் உட்கார்ந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டால் முன்பணம் எவ்வளவு கட்டியிருப்பார்கள் என்று கணக்குப் போடுவேன். சின்ன வயதில் சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர். கைமாற்றுக் கடனை வசூலிக்க நம் சட்டத்தில் மூன்று வருஷம்தான் கெடு என்று ஒரு வக்கீல் நண்பன் சொன்னான். அந்தக் கெடு எனக்குள் ஓடிக்கொண்டிருந்த பேரேட்டை மூட உதவவில்லை.

உபாகமத்துக் கட்டளை கடன் கொடுத்தவனைப் பார்த்துத்தான் பேசுகிறது: உன் கையை எடு, நெருக்காதே. நான் அண்ணனை ஒரு தடவைகூட நெருக்கிக் கேட்டதில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் மாமா கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நடந்ததைப் பார்த்தபிறகு, கேட்காமலேயே என் கை நாள் முழுவதும் அண்ணன் சட்டைப் பையில்தான் இருந்தது என்று தோன்றிவிட்டது. இந்தச் சட்டம் யாருக்கு விடுதலை தருகிறது என்று அதுவரை யாராவது கேட்டிருந்தால் கடன்காரனுக்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஏழாம் ஆண்டின் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் யூதப் புத்தாண்டு என்பதால் எங்களுக்கு விடுமுறை. காலையிலேயே மாமாவின் ஊருக்குப் போனேன். தொழுகைக்கூடத்தில் காலைத் தொழுகை முடிந்து, மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்து நீதிமன்றம் ஆனார்கள். மற்றவர்கள் எதிரே நின்று, அந்த வருஷம் செய்து நிறைவேற்றாமல் போன நேர்த்திக்கடன்களிலிருந்து விடுவிக்கும்படி கேட்டார்கள். பிறகு நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நிற்க, நின்றவர்கள் உட்கார்ந்து நீதிபதி ஆனார்கள். அதோடு ப்ரோஸ்புல் சீட்டுகளும் அச்சடித்துத் தயாராக இருந்தன. மாமாவும் கையெழுத்துப் போட்டார். நிலத்தில் அத்தனை கறாராக இருந்தவர் பணத்தில் ஹில்லேல் காட்டிய வழியில் போனார். கேட்டதற்கு, "நாலு பேருக்குக் கொடுத்திருக்கேன், பையன்களும் அதில் பங்கு, என் ஒருத்தன் புண்ணியத்துக்கு அவங்க காசா?" என்றார்.

வெளியே வந்ததும் மாமா பக்கத்து வீட்டுக்காரர் கையில் ஒரு பத்து ஷெக்கேல் நாணயத்தை வைத்து, "கடன்" என்றார். அவரும் "கடன்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பென் இஷ் ஹய் என்று அறியப்பட்ட பாக்தாத் ரபி யோசெஃப் ஹயீம் சொல்லிவிட்டுப் போன வழக்கம் அது. சீட்டு எழுதியபிறகு ஒரு சிறு தொகையைப் புதிதாகக் கடன் கொடுத்தால், சூரியன் மறையும்போது அதுவாவது தள்ளுபடியாகும். கட்டளையை நிறைவேற்றியதாகவும் இருக்கும். எனக்கு இது மிகவும் பிடித்துப்போய், "மாமா, எனக்கும் ஒரு இருபது ஷெக்கேல் கடன்" என்று கை நீட்டினேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "நீ திருப்பித் தரணும் மோனே. உனக்குத் தள்ளுபடி கிடையாது." உண்மைதான். அந்நியனிடம் கேட்டு வாங்கலாம் என்று உபாகமம் அதே இடத்தில் சொல்லியிருக்கிறது. விதை ஊன்றவும் களை பறிக்கவும் எனக்கு அனுமதி தந்த அதே கோடுதான் இங்கே என்னை வெளியே நிறுத்தியது. கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது. இருபது ஷெக்கேலைக் கொடுத்தார். அடுத்த தடவை போனபோது எண்ணி வாங்கியும் கொண்டார்.

அன்று மதியம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அண்ணனைக் கூப்பிட்டேன். நம் ஊரில் இரண்டரை மணி கூடுதல். அதிசயமாக அவரே எடுத்தார்.

"சொல்லுப்பா." 'டா' போய் 'ப்பா' வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அண்ணே, அந்தப் பணத்தைப் பத்தி..."

"இந்த வெட்டுல காய் விலை படுத்துக் கெடக்கு. தை பொறக்கட்டும்னு..."

"கேக்கறதுக்குக் கூப்பிடலண்ணே. இங்க இன்னைக்குப் பொழுது சாஞ்சா பழைய கடனெல்லாம் முடிஞ்சுதுன்னு ஒரு வழக்கம். நானும் முடிச்சிடுறேன்னு சொல்லத்தான்."

பின்னால் டிவியில் ஏதோ பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கைதட்டினார்கள்.

"நீ என்னடா, வேதத்துல கீதத்துல சேந்துட்டியா?"

"அதெல்லாம் இல்லண்ணே."

"அப்பறம் எதுக்கு? நான் என்ன பிச்சையா கேட்டேன்?" குரல் ஏறி, இறங்கியது. "நீ விட்டா விட்டுக்க. நான் வாங்குனது வாங்குனதுதான். இல்லேன்னு ஆயிடாது."

மிஷ்னாவில் ஏழாம் ஆண்டு நூலின் கடைசி அத்தியாயத்தில் ஏறக்குறைய இதே பேச்சு இருக்கிறது. தள்ளுபடிக்குப் பிறகும் கடனாளி பணத்தோடு வந்தால், கொடுத்தவன் விட்டுவிட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். பரவாயில்லை, இருக்கட்டும் என்று கடனாளி வற்புறுத்தினால் வாங்கிக்கொள்ளலாம். அப்படித் திருப்பித் தருகிறவனைப் பற்றி ஞானிகளுக்கு மகிழ்ச்சி என்றும் அந்த நூல் சொல்கிறது. பட்டுக்கோட்டைத் தென்னை விவசாயி ஒருவர் அதைக் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. விளக்கலாமா என்று நினைப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. "சரிண்ணே" என்று வைத்தேன். அவர் 'டா' போட்டுப் பேசியது ரெஹோவோத் வந்து சேர்ந்தபிறகுதான் உறைத்தது.

பணம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. பொங்கலுக்கு ஃபோன் வந்தது. மகன் பைக் மாதத் தவணை என்று தானாகவே சொன்னார், நான் கேட்கவில்லை. அப்புறம் கூன்வண்டு பற்றிக் கேட்டார், அந்தச் சிவப்புக் கூன்வண்டு இஸ்ரேலில் பேரீச்சையையும் விடவில்லை என்றதும் அவருக்கு அலாதித் திருப்தி. போன வருஷம் மறுபடி கூப்பிட்டு, சுற்றி வளைத்து, தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் மாற்ற ஒரு முப்பதாயிரம் கைமாத்துக் கிடைக்குமா என்றார். பழசே இன்னும் நிற்கிறது என்றும் அவரே சொல்லிச் சிரித்தார். மறுநாள் அனுப்பிவிட்டேன். அடுத்த ஏழாம் ஆண்டு 2029 செப்டம்பரில் முடிகிறது. அதுவரை அவருக்கு டைம் இருக்கிறது.